பாதிக் கிணறு தாண்டிய பிள்ளைகள்

லோதி ரோட்டில் காலை ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. லோதி தோட்டத்து மதிலை ஒட்டிப் பத்துப் பதினைந்து பையன்கள் ஓடுவார்கள். ஒருவன் மட்டும் ஓடாமல், கையில் செல்போனை வைத்துக்கொண்டு விநாடி எண்ணிக்கொண்டிருப்பான். ராணுவத்தில் சேர 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். அதற்காகத்தான் இந்தப் பாடு. அந்தக் கூட்டத்தில் நம் தமிழ்ப் பையன்களும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன், பாங்க் என்றுதான் கனவு. இப்போது சில வீடுகளில் சீருடையும் அந்தக் கனவில் சேர்ந்துவிட்டது.

சேர்வது எப்படி என்பதைச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடக்கும் நாளில் எடுத்த போட்டோ எல்லார் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பயிற்சியின் பாதியில், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதைப் பற்றி மட்டும் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. அதை எழுதவே இக்கட்டுரை. நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளிய டிப்ளமோ இன்ஜினீயர். ஆனாலும் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். டில்லியில் வெலிங்டன் என்றதும் அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ்தான் பலருக்கு நினைவு வரும். அது வேறு. நான் சொல்வது சிப்பாய்களை உருவாக்கும் இடம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் வரலாற்றை 1758-லிருந்து கணக்கிடுகிறது. அந்த வருஷம் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது, சிதறிக் கிடந்த உள்ளூர்ப் படைப் பிரிவுகளை ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பட்டாலியன்களாகத் திரட்டினார். இடையில் 1928-ல் சிக்கனம் என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி ஆள் தேவைப்பட்டது. 1941-ல் திரும்ப எழுப்பினார்கள். மையம் வெலிங்டனுக்கு வந்தது 1947-ல். இந்த ரெஜிமெண்டின் ஜவான்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான்.

வெலிங்டனுக்கு நம் மலை ரயில் போகிறது. குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன். ரயில்வேக்காரன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க அனுமதி கொடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் விட்டார்கள். ஊட்டி வரை போனது 1908-ல். மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரத்தால் ஏற முடியாது. குன்னூரில் பல்பட்டை முடிந்துவிடுகிறது. ஏற்றம் முடிவதில்லை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இன்னும் சுமார் 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதைச் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஏற வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு முதல் பாதியில்தான் பயம். லோகோ ஆட்களோடு பேசிப் பாருங்கள். மழை பெய்து தண்டவாளம் ஈரமாக இருக்கும் நாளில் அவர்களுக்குக் கவலை இரண்டாவது பாதியில்தான்.

பயிற்சியும் இப்படித்தான் இரண்டு பகுதியாக அமைந்திருக்கிறது. முதலில் அடிப்படை ராணுவப் பயிற்சி. காலையில் எழுப்புவதிலிருந்து விளக்கை அணைப்பது வரை மணியடித்தாற்போல் எல்லாம் மற்றவர் கையில். தலைமுடி வெட்டு, படுக்கை மடிப்பு, பூட்ஸ் பாலிஷ், அணிநடை, உடற்பயிற்சி. பையன் யோசிக்க வேண்டியதில்லை. பல்பட்டை இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது மேற்பயிற்சி. துப்பாக்கி சுடுதல், நிலத்தைப் பயன்படுத்தி மறைந்து நகர்தல், வரைபடம் படித்தல், இரவில் திசை கண்டு போதல். இங்கே 'செய்' என்பதோடு 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்ற கேள்வியும் வருகிறது. எத்தனை வாரம் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். ஒடிஷாவில் ஐ.என்.எஸ். சில்காவில் கடற்படை அக்னிவீரர்களின் முதல் அணி 16 வாரப் பயிற்சியை முடித்து 2023 மார்ச் 28 அன்று வெளியே வந்தது. சுமார் 2,600 பேர். அவர்களில் 270-க்கு மேற்பட்ட பெண்கள். அவர்களுக்கு எட்டாவது வாரமே பாதி. பெங்களூரில் ராணுவப் போலீஸ் பிரிவில் முதன்முதலாகச் சேர்ந்த 83 பெண் சிப்பாய்களுக்கு 61 வாரம் பயிற்சி. கொரோனா காரணமாக ஆடம்பரமில்லாமல் 2021 மே 8 அன்று அவர்கள் அணிவகுப்பு நடந்தது. அந்தப் பெண்களுக்குப் பாதி வரவே ஏழு மாதம் ஆகியிருக்கும். தரைப்படை அக்னிவீரர்களுக்குப் பொதுவாக மூன்றாவது, நான்காவது மாதத்தில் பாதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் பையன் சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறான் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் சேர்க்கை என்பது ஒன்று, சத்தியப் பிரமாணம் என்பது வேறொன்று. முதல் நாளே சேர்க்கை ஆகிவிடுகிறது. சத்தியப் பிரமாணமோ, பணிக்குத் தகுதி பெற்றவன் என்று தெரிந்த பிறகு, தன் படையின் முன்னிலையில் கமாண்டிங் ஆபீஸர் செய்து வைப்பது. அதைத்தான் 'கஸம் பரேட்' என்கிறார்கள். நடுவழியில் இருப்பவன் சேர்ந்தவன், ஆனால் சத்தியம் செய்யாதவன். தகுதி போதாது என்று கண்டால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட வழி உண்டு. காயம் பட்டோ, தேர்வில் தவறியோ பின்தங்கினால் அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்கள். 'ரெலிகேஷன்' என்று பெயர். பையன்களுக்கு இந்த ஒரு சொல்லைக் கேட்டால் வயிற்றில் புளி கரைக்கும். கூடப் படுத்து எழுந்தவர்கள் எல்லாம் தொப்பியில் சின்னம் வைத்துக்கொண்டு போவார்கள். இவன் மட்டும் புதிதாக வந்தவர்களோடு நிற்க வேண்டும். இந்தப் பயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த விஷயம் இதில்தான் இருக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகள் ஹிந்தியில். 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தேஜ் சல்', 'தாஹினே முட்'. டில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய சௌகரியம். திருநெல்வேலியிலிருந்து நேரே வந்தவன் முதல் வாரம் பக்கத்தில் நிற்பவன் காலைப் பார்த்துத்தான் திரும்புவான். நிற்பதற்கு 'தம்' என்று கட்டளை. ஊர்ப் பையன் ஒருவன் அதைக் கேட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தானாம்! இதை எனக்குச் சொன்னது ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். அவருடைய பழைய கதைகளில் எத்தனை உண்மை என்று நான் கேட்பதில்லை. பாதி வழி வருவதற்குள் அந்தப் பையனும் தூக்கத்தில் ஹிந்தியில் எண்ணிக்கொண்டிருப்பான்.

இனி உடம்பு விஷயம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தினமும் ஓடினால் ஆறேழு வாரத்தில் மூச்சு சீராகிறது, தசை இறுகுகிறது. பையன் கண்ணாடியில் பார்த்தால் தன்னையே அடையாளம் தெரியாது. போனில் குரலே மாறியிருக்கும். எலும்பு மட்டும் இந்த வேகத்தில் வருவதில்லை. புதிய சுமை வந்ததும் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறது. அதற்கு முதலில் பழையதைக் கரைத்து எடுக்க வேண்டும். கரைக்கும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் புதிய எலும்பு கட்டி முடிய மூன்று மாதத்துக்கு மேலாகிறது. நாங்கள் பழைய லைனில் ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போடும்போது இதே நிலைமைதான். முடிவில் லைன் முன்னைவிட உறுதியாகும். தோண்டிய சில நாட்களுக்கு மட்டும் அதைவிடப் பலவீனமான இடம் கிடையாது. அதனால்தான் அங்கே 'காஷன் ஆர்டர்' கொடுத்து, முதலில் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில் விட்டு, லைன் இறுக இறுகப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுகிறோம்.

பயிற்சி நடுவில் நடப்பது என்ன? பையன் தன்னைப் பலசாலி என்று நம்புகிற அதே வாரங்களில் எலும்பு இன்னும் கட்டி முடியவில்லை. சுமையும் அப்போதுதான் கூடுகிறது. வெறும் காலணியோடு ஓடியவன் இப்போது முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர் ஓடத் தயாராக வேண்டும். கயிறு ஏற வேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலும் பாதத்து எலும்புகளிலும் தலைமயிர் பருமனில் கீறல் விழுவது இப்படித்தான்.

இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. 1855-ல் பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். காரணம் அவருக்குப் புரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடித்த பிறகு, 1897-ல்தான் அது எலும்புக் கீறல் என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் அதே பிரஷ்யாவில் வேலர் என்ற ரயில்வே இன்ஜினீயர் வண்டி அச்சுகள் ஏன் உடைகின்றன என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே தடவையில் பெரிய பாரம் ஏற்றினால் உடையாத அச்சு, அதைவிடக் குறைந்த பாரம் லட்சக்கணக்கான தடவை வந்து போனால் உடைகிறது என்று நிரூபித்தவர் அவர். பாலிடெக்னிக்கில் எங்களுக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் 'உலோகச் சோர்வு' பாடம் நடத்தினார்கள். டாக்டரும் இன்ஜினீயரும் பார்த்தது ஒரே வியாதியைத்தான் என்பேன்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன்.

என் தங்கை பேரன் வடக்கே ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தான். தங்கை காலண்டரில் தினம் ஒரு கட்டத்தைப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தாள். பாதி நாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கேசரி கிளறி எங்களையும் கூப்பிட்டாள். பையன் போனில் வந்தான். குரலில் உற்சாகம்.

"தாத்தா, பாதி முடிஞ்சிடுச்சு. ஓட்டத்துல எங்க பிளட்டூன்லயே நான் நாலாவது."

"சபாஷ். உடம்பு எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கேன் தாத்தா. முழங்காலுக்குக் கீழ மட்டும் ஒரு இடத்துல வலிக்குது. ராத்திரி படுத்தாலும் விடமாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மெடிக்கல்ல போட்டுருவாங்க."

நான் சொன்ன பதில் இது: "பாதிக் கிணறு தாண்டிட்டடா. இப்ப நின்னா விழுந்துருவ. பல்லைக் கடிச்சுக்கிட்டு மீதியையும் தாண்டிடு."

பன்னிரண்டு நாள் கழித்து, பள்ளம் தாண்டிக் குதித்தவன் எழுந்திருக்கவில்லை. கீறலாக இருந்தது முறிவாகிவிட்டது. கட்டு, ஓய்வு, அப்புறம் அவன் பயந்த அதே ரெலிகேஷன். மையத்தின் மேல் குற்றமில்லை. அவன் சொல்லியிருந்தால் அவர்கள் கவனித்திருப்பார்கள். அவன் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

நான் லைனில் இருந்த காலத்தில், கேங்மேன் ஒருவன் ஓடி வந்து, "சார், அந்த வெல்டில் மயிரிழை தெரியுது" என்றால், 'பாதி தூரம் ஓடிவிட்டது, மீதியும் ஓடட்டும்' என்று வண்டியை விடுவேனா? சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டல்லவா ஓடுவேன்! அல்ட்ராசோனிக் கருவி வைத்துப் பார்ப்பேன், கிளாம்ப் போடுவேன். இரும்புக்குச் செய்ததைப் பேரனுக்குச் செய்யவில்லை. கிணற்றுப் பழமொழி வாயில் சுலபமாக வந்துவிட்டது. கிணறு தாண்டுகிறவன் ஆகாயத்தில் இருக்கிறான். அவனால் நடுவில் நிற்க முடியாது. பயிற்சியில் இருப்பவன் தரையில் நிற்கிறான். அவன் நிற்கலாம், ஆறு வாரம் காலை நீட்டி உட்காரலாம், மறுபடி ஓடலாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு விஷயம். 'நன்றாக இருக்கிறாயா?' என்று கேட்காதீர்கள். 'இருக்கிறேன்' என்றுதான் பதில் வரும். 'வலி எங்கே?' என்று கேளுங்கள். தொடை முழுக்க, கெண்டைக்கால் முழுக்க வலிக்கிறது, சிறிது ஓடினதும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் தசைவலி. ஒரு விரலை வைத்து 'இதோ இந்த இடம்' என்று காட்ட முடிகிறது, ஓட ஓடக் கூடுகிறது, ராத்திரி படுத்தாலும் இருக்கிறது என்றால் அன்றைக்கே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஆரம்பக் கீறல் இரண்டு மூன்று வாரம் கழித்தே அதில் தெரிவது உண்டு. 'எக்ஸ்ரே நார்மல்' என்றாலும் வலி நிற்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் சில வாரம்தான் போகும். முறிந்தால் பல மாதம்.

சேருவதற்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் 5,201 பெண் பயிற்சியாளர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008-ல் வெளியாயிற்று. கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தவர்களுக்கு இந்தக் கீறல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இஸ்ரேல் ராணுவத்தில் பயிற்சியாளர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கம் கட்டாயம் என்று வைத்து, மொத்த நடைத் தூரத்தையும் குறைத்தபோது பாதிக்கு மேல் குறைந்ததாக அங்குள்ள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். லோதி ரோட்டில் ஓடும் பையன்கள் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது திடீரென்று ஆரம்பிக்கிறார்கள். ஆறு மாதம் முன்பே மெதுவாகத் தொடங்கினால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும். பாலும் கேழ்வரகும் காலை வெயிலும் நம் வீட்டுக்குப் புதிதல்ல. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மனசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி தாண்டினால் மனசு லேசாகும் என்றுதான் நினைப்போம். தென் துருவம் போன்ற ஒதுக்குப்புறமான இடங்களில் மாதக்கணக்கில் அடைபட்டு இருப்பவர்களை ஆராய்ந்த பெக்டெல், பெர்னிங் என்ற இருவர் 1991-ல் நேர்மாறாகச் சொன்னார்கள்: சோர்வு பாதிக்குப் பிறகுதான் வருகிறது, இவ்வளவு பட்டும் இன்னும் அவ்வளவு பாக்கி இருக்கிறதே என்று தோன்றும்போது. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. என்றாலும் ஒரு நாள் பையன் போனில் பேசாமல் மௌனமாக இருந்தால் திடுக்கிட வேண்டாம். அந்த நேரத்தில் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாலு வருஷம் கழிச்சு உன்னை வச்சுக்குவாங்களா?" 2022 ஜூனில் வந்த அக்னிபத் அறிவிப்பின்படி, பயிற்சியையும் சேர்த்து நான்கு வருஷம், அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக எடுக்கலாம். முதல் வருஷ மாதச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போக, கைக்கு 21,000. பென்ஷன் கிடையாது. கேள்வி நியாயமானதுதான். சேர்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி அது. மூன்றாம் மாதத்தில், வரிசையில் நின்று கிடைத்த ஐந்து நிமிஷப் போனில் அதைக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

வீட்டுச் சேதியைப் பேசுங்கள். பக்கத்து குவார்ட்டர்ஸில் யார் குடி வந்தார்கள், மாவு புளித்ததா, தங்கை கணக்கில் எத்தனை மார்க். முடிந்தால் கடிதமும் எழுதுங்கள். போன் பேச்சு அணைந்துவிடும். காகிதம் தலையணைக்கு அடியில் இருக்கும்.

என் தங்கை பேரனுக்குக் கால் கூடிவிட்டது. ஐந்து மாதம் பின்னால் வந்த அணியோடு ஓடுகிறான். முதல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவன் பாட்டியிடம் மட்டும் பேசினான். போன ஞாயிறு அவனே என்னைக் கேட்டு வாங்கினான். "தாத்தா, மறுபடியும் பாதி வந்துட்டேன்" என்றான். எங்கே வலி என்று கேட்டேன். தோளில், துப்பாக்கி வார் அழுத்தும் இடத்தில், இரண்டு பக்கமும் என்றான். விரலை வைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லை தாத்தா, பரவலாத்தான் இருக்கு" என்றான். தங்கை இந்தத் தடவை காலண்டரில் கட்டம் அடிப்பதில்லை.